மூன்று வேலை, ஒரே மேடை: ஓர் அடுக்குமாடி வீட்டு மாலையின் நிகழ்வு ஆய்வு

முதலில் சேதக் கணக்கு. நடுவில் குழி விழுந்த தயிர் கேக் ஒன்று. தண்ணீர் இறங்காத சமையலறை சிங்க் ஒன்று. துளையோரம் பழுப்பேறிய ஹால் பிளக் பாயின்ட் ஒன்று. ஒரு கிண்ணம் க்ரீம் குப்பைக்குப் போனது. சாப்பாட்டு மேசையில் மெழுகு ஊறிய வட்ட வட்டக் கறைகள். உருப்படியாக வந்தது பள்ளிக்கூடத்துக்கான எரிமலை மட்டும்தான். அதிலும் ஒரு பக்கத்துப் பெயின்ட் செய்தித்தாளோடு உரிந்து வந்துவிட்டது.

இடம் சென்னை, பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. ஆறாவது மாடியில் என் தங்கையின் வாடகை வீடு. காலம் கார்த்திகை, விட்டு விட்டு மழை. நான் அதே வளாகத்தில் வேறு பிளாக்கில் இருக்கிறேன். ராத்திரி எட்டரைக்கு மேல்தான் அங்கே போனேன். அதற்கு முன் நடந்ததை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு அடுக்கியிருக்கிறேன். ரசாயனத் தொழிற்சாலை ஒன்றின் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். அங்கே ஒரு வால்வு கசிந்தால்கூட நிகழ்வு அறிக்கை எழுதியாக வேண்டும்: என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, எது எதை இழுத்துவிட்டது. யார் மீது தப்பு என்பதற்குப் படிவத்தில் இடமே கிடையாது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. தங்கையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "பேரைப் போடாதக்கா, அவ்வளவுதான்" என்றாள்.

திட்டமும் இடமும்

அன்று மாலை அந்த வீட்டில் மூன்று வேலைகள். நான்காம் வகுப்புப் படிக்கும் மூத்தவள் மறுநாள் காலை அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாதிரி ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். சின்னவனுக்கு மறுநாள் ஐந்தாவது பிறந்தநாள், வகுப்புக்குக் கேக். மூன்றாவது, குடியிருப்போர் சங்கம் வார இறுதியில் போடும் கார்த்திகைக் கடைக்கு வண்ணம் பூசிய மெழுகு அகல்கள். மூன்றாவதுக்கு அவசரமே இல்லை. ஆனால் மெழுகுக் கட்டியும் திரியும் அன்று மத்தியானம்தான் கூரியரில் வந்து இறங்கின. பொட்டலத்தைப் பிரித்த கை சும்மா இருக்குமா?

தங்கை திட்டமில்லாமல் இறங்கவில்லை. பிளாஸ்டர் பூச ஒரு மணி நேரம், மெழுகு உருக்கி ஊற்ற அரை மணி, மாவு கலக்கக் கால் மணி, கேக் வேக நாற்பது நிமிடம் என்று நேரக் கணக்கைத் தெளிவாகவே போட்டிருந்தாள். போடாமல் விட்டது இடக் கணக்கு.

அந்த வீட்டுச் சமையல் மேடை 'ட' வடிவம். ஒரு பக்கம் அடுப்பு, அடுத்து மிக்ஸி, மூலையில் தண்ணீர் சுத்திகரிப்பான், திரும்பினால் சிங்க். சிங்க்குக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டடி இடம். கேக் சுடும் சின்ன மின்சார அடுப்பான ஓ.டி.ஜி. எப்போதும் அங்கேதான் இருக்கும். அதற்கு நேர் மேலே சுவரில் 16 ஆம்பியர் பாயின்ட். ஏ.சி., கீசர், வாஷிங் மெஷின் பாயின்டுகளை விட்டால் அந்த வீட்டில் பெரிய பிளக்கைச் சொருக வேறு இடமே இல்லை.

அன்று அந்த இரண்டடியில் எரிமலை உட்கார்ந்தது. சின்னவன் கைக்கு எட்டக் கூடாது, சிந்தினால் துடைக்கவும் வர வேண்டும். அப்படி வேறு இடம் இல்லை என்பதும் உண்மைதான். ஓ.டி.ஜி. ஹாலுக்கு, சாப்பாட்டு மேசைக்குப் போனது. இனி வரப்போகும் பெரும்பாலானவை இந்த ஒரு இடமாற்றத்திலிருந்து கிளைத்தவை.

மாலை போன விதம்

ஐந்தரை மணி வாக்கில் பெண் ஒத்திகை பார்த்தாள். எரிமலைக்குள் வைக்கப்போகும் பாட்டிலில் ஆப்ப சோடாவைப் போட்டு வினிகர் ஊற்றினால் நுரை பொங்கும், அதைத்தான் மறுநாள் நடத்திக் காட்ட வேண்டும். முதல் தடவை நன்றாகப் பொங்கியது. தம்பி "இன்னொரு வாட்டி" என்றான். அப்புறம் இன்னொரு வாட்டி. டப்பா காலியானது. ஆப்ப சோடா டப்பா காலியானதை அந்த வீட்டில் யாரும் ஒரு நிகழ்வாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஆறு மணிக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலக்கினார்கள். ஒரு கிலோ பாக்கெட், பழைய பிளாஸ்டிக் வாளி. பாட்டிலைச் சுற்றிச் செய்தித்தாளைக் கசக்கி ஒட்டிய கூம்பின் மேல் பூசினார்கள். பூசி முடிப்பதற்குள் வாளியில் மீதி இறுக ஆரம்பித்தது. தங்கை கணவர் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி இளக்கினார். இறுகத் தொடங்கிய பிளாஸ்டர் மறுபடி தண்ணீரைக் கண்டால் குழைவது போலத் தெரியும், ஆனால் வலு போய்விடும். எரிமலையின் அடிவாரம் மறுநாள் உதிர்ந்ததற்குக் காரணம் இதுதான். அது பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம், இந்தச் சமயத்தில் சின்னவன் கை அச்சு எடுக்கிறேன் என்று வாளிக்குள் கையை விட்டது. தங்கை பார்த்துவிட்டாள். இழுத்துக்கொண்டு போய் சிங்க்கில் கழுவினாள், கையோடு வாளியையும் கழுவிக் கவிழ்த்தாள்.

ஏழு மணிக்கு மெழுகு. அடுப்பில் அலுமினியப் பாத்திரத்தை நேராக வைத்தே உருக்கினாள். அகல்களில் ஊற்றி மேசையில் வரிசையாக வைத்தார்கள். அடியில் வெறும் ஒற்றைச் செய்தித்தாள். புது அகல் திரவத்தைக் குடிக்கும். அதனால்தான் பழைய மனிதர்கள் வாங்கியதும் சில மணி நேரம் தண்ணீரில் ஊறப் போட்டு, காயவைத்த பிறகே எண்ணெய் ஊற்றுவார்கள். இவை ஊறவில்லை. மெழுகு மண்ணைத் தாண்டி, தாளைத் தாண்டி, மேசை வரைக்கும் போனது. பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை வென்னீர் விட்டு அலசியது, சொல்லவே வேண்டாம், சிங்க்கில்.

ஏழரைக்குக் கேக் மாவு. முட்டையில்லாத தயிர் கேக்: ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் தயிர், முக்கால் கப் சர்க்கரை, அரைக் கப் எண்ணெய், ஒன்றேகால் டீஸ்பூன் பேக்கிங் பவுடர், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. ஆப்ப சோடா டப்பாவைத் திறந்தால் காலி. மழையில் யார் கீழே இறங்குவது? பேக்கிங் பவுடரையே இன்னோர் அரை டீஸ்பூன் கூடப் போட்டாள். ஏழு ஐம்பதுக்கு, 180 டிகிரியில், நாற்பது நிமிடத்துக்குத் திருகி வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அதற்குள் பிளாஸ்டர் இறுகிவிட்டதென்று எரிமலையை ஹாலுக்குக் கொண்டுவந்து வண்ணம் பூச ஆரம்பித்திருந்தார்கள். கவனியுங்கள், அந்த இரண்டடி மேடை இப்போது காலி. ஆனால் கேக் ஏற்கெனவே மேசையில் வெந்துகொண்டிருக்கிறது. பிளாஸ்டருக்குள் ஈரம், வெளியே மழைக்காற்று. பெயின்ட் காய்வதாக இல்லை. தங்கை கணவர் ஹேர் டிரையரை எடுத்துவந்து, ஓ.டி.ஜி. சொருகியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகினார். பத்து நிமிடம் போல ஓடியிருக்கும். ஹால் இருண்டது.

"கரண்ட் போயிடுச்சு" என்றார்கள். மழை நேரம், யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சமையலறை விளக்கு எரிந்ததற்கும் அவர்களிடம் விளக்கம் தயாராக இருந்தது. மின்வாரிய மின்சாரம் நின்றால் வளாகத்தின் ஜெனரேட்டர் ஒவ்வொரு வீட்டிலும் சில பாயின்டுகளுக்கு மட்டும், அளந்துதான் மின்சாரம் தரும். அப்படித்தான் இருக்கும் என்று ஹாலில் செல்போன் வெளிச்சத்தில் காத்திருந்தார்கள். எட்டரைக்கு ஓ.டி.ஜி.யில் 'டிங்' என்று மணி அடித்தது. கேக் ஆகிவிட்டது என்று எடுத்தார்கள். ஓரத்தில் பல்குச்சி குத்திப் பார்த்தார்கள், ஒட்டாமல் வந்தது.

அந்த நேரத்தில்தான் தங்கை எனக்குப் போன் செய்தாள். "அக்கா, உங்க பிளாக்ல கரண்ட் இருக்கா?" இருந்தது. உன் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுகிறதா என்று கேட்டேன். ஓடியது. ஜெனரேட்டர் சத்தம் கேட்கிறதா? கேட்கவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டேன்.

எம்.சி.பி. ஏன் உடனே விழவில்லை

கரண்ட் போகவில்லை. சுமை மீறினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்தான் எம்.சி.பி., ஹாலுக்கான அது விழுந்திருந்தது. எல்லோரும் ஏமாந்த இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட். ஓ.டி.ஜி.யின் முதுகில் 1500 வாட் என்று போட்டிருந்தது. 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். அதனால்தான் அதன் பிளக் தடித்த ஊசி வைத்த 16 ஆம்பியர் பிளக். ஹாலில் இருப்பதோ 6 ஆம்பியர் பாயின்ட். பெரிய பிளக் சின்னத் துளைக்குள் போகாது. போகக் கூடாது என்றுதான் அளவையே வேறாக வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தடையைத் தாண்டவென்றே கடையில் கன்வர்ஷன் பிளக் கிடைக்கிறது. ஒரு பக்கம் பெரிய துளை, மறு பக்கம் சின்ன ஊசி. என்னைக் கேட்டால், வீட்டில் இருக்கவே கூடாத பொருட்களில் அதற்கு முதலிடம் கொடுப்பேன்.

ஆக, ஓ.டி.ஜி. மட்டும் ஓடியபோதே அந்தச் சாக்கெட் தன் அளவைத் தாண்டிவிட்டது. ஹேர் டிரையர் 1600 வாட், கிட்டத்தட்ட 7 ஆம்பியர். இரண்டும் ஒரே எக்ஸ்டென்ஷன் வழியாக ஒரே சாக்கெட்டில் 13.5 ஆம்பியர். ஹாலின் டி.வி., மின்விசிறி, விளக்குகளையும் சேர்த்தால் அந்தச் சுற்றில் 14 ஆம்பியருக்கு மேல். ஹால் எம்.சி.பி. 10 ஆம்பியர்.

10 ஆம்பியர் என்றால் பதினொன்றாவது ஆம்பியரில் பட்டென்று விழுந்துவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எம்.சி.பி.க்குள் இரண்டு வேலைக்காரர்கள் உண்டு. ஷார்ட் சர்க்யூட் ஆனால் கண்ணிமைக்கும் நேரத்தில் இழுத்துவிடுவது ஒரு காந்தச் சுருள். அளவுக்கு மீறிய சுமையைப் பார்த்துக்கொள்வது ஓர் ஈருலோகத் தகடு. அது சூடேறி வளைந்த பிறகுதான் விழும். தரவிதிப்படி 10 ஆம்பியர் எம்.சி.பி. 11.3 ஆம்பியரில் ஒரு மணி நேரம் விழாமல் தாங்க வேண்டும், 14.5 ஆம்பியரில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். இதற்கு நடுவில் எத்தனை நிமிடம் என்பது எம்.சி.பி.யைப் பொறுத்தது. ஓ.டி.ஜி. வேறு தெர்மோஸ்டாட்டால் விட்டு விட்டு ஓடும், சுமை ஏறி இறங்கும். எனவே டிரையரைப் போட்டதற்கும் ஹால் இருண்டதற்கும் நடுவே பத்து நிமிட இடைவெளி. அந்த இடைவெளிதான் காரணத்தை மறைத்தது. போட்டவுடன் விழுந்திருந்தால் சின்னவனே சொல்லியிருப்பான்.

எம்.சி.பி. தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அது காப்பது சுவருக்குள் ஓடும் கம்பியை. 6 ஆம்பியர் சாக்கெட்டில் 13 ஆம்பியர் ஓடுவது அதற்குத் தெரியாது. நான் போய்த் தொட்டுப் பார்த்தபோது கன்வர்ஷன் பிளக் இன்னும் சூடாக இருந்தது. சாக்கெட்டின் ஒரு துளையோரம் நிறம் மாறியிருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு, டிரையரையும் உருவிவிட்டு, எம்.சி.பி.யை மேலே தள்ளினேன். ஹால் எரிந்தது. தங்கை கணவர் "அட, இதுதானாக்கா?" என்றார். அரை மணி நேரமாக மின்பெட்டி அவர் தலைக்கு மேலேயேதான் இருந்தது.

கேக்கின் உடற்கூறாய்வு

வீட்டில் இரண்டு கட்சி. சோடா இல்லாததுதான் காரணம் என்றாள் தங்கை. மின்சாரம் நின்றதுதான் காரணம் என்றார் அவர். கேக்கை நடுவாக வெட்டிப் பார்த்தேன். இருவர் சொன்னதும் சரி, ஆனால் வேறு வேறு குறைக்கு.

முதலில் மேல்தோல். தயிர் கேக் வெந்தால் பொன்னிறமாக வரும். இது வெளிறிக் கிடந்தது, வெந்த ஓரம்கூட. சாப்பிட்டால் புளிப்பு. ஆப்ப சோடாவுக்கு இந்தச் செய்முறையில் இரண்டு வேலை. தயிரின் அமிலத்தோடு சேர்ந்து வாயுவைக் கிளப்புவது ஒன்று, அப்படிச் சேர்வதாலேயே புளிப்பை முறிப்பது இன்னொன்று. புளிப்பு முறியாத மாவு சீக்கிரம் சிவக்காது. பேக்கிங் பவுடரில் சோடாவோடு அதை முறிக்கும் அமிலமும் சேர்ந்தே இருப்பதால் தயிரை முறிக்க அதில் உபரியாக ஒன்றும் மிஞ்சாது. வாயுவிலும் பற்றாக்குறைதான். ஒரு பங்கு சோடா தரும் உப்பலை வாங்க ஏறக்குறைய மூன்று பங்கு பேக்கிங் பவுடர் வேண்டும். அரை டீஸ்பூனுக்கு அரை டீஸ்பூன் போட்டால் எடுபடாது. நெருக்கமான காற்றுத் துளைகள், வெளிறிய தோல், புளிப்பு: இந்த மூன்றும் எரிமலை ஒத்திகையின் கணக்கில்.

நடுக்குழி வேறு கதை. ஓரத்திலிருந்து இரண்டு விரற்கடை வரை வெந்திருந்தது. அதற்குள் ஒரு ஈர வளையம், நடுவில் களி. கேக் வெளியிலிருந்து உள்ளே வேகும். நடுப்பகுதி 95 டிகிரி அளவுக்கு வந்தால்தான் மாவுச்சத்தும் புரதமும் இறுகிக் கட்டுமானம் நிற்கும். அதுவரை அதைத் தூக்கி நிறுத்துவது சூடான வாயுவும் நீராவியும் மட்டுமே. ஏழு ஐம்பதுக்கு வைத்த கேக்குக்கு எட்டே காலுக்கு முன்பே வெப்பம் நின்றது. ஓ.டி.ஜி.யின் மெல்லிய தகரம் சூட்டை வெகு நேரம் பிடித்து வைக்காது. உள்ளே வாயு சுருங்கியது, நடு இறங்கியது.

அப்படியானால் மணி எப்படி அடித்தது? அந்த ஓ.டி.ஜி.யின் டைமர் மின்சாரத்தில் ஓடுவதல்ல, திருகி வைக்கும் சுருள்வில். மின்சாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது தன் நாற்பது நிமிடத்தை எண்ணி முடித்து 'டிங்' என்று அடிக்கும். அடுப்பு எரிகிறதா என்று அதற்குக் கவலையில்லை. தொழிற்சாலையிலும் இந்த வகை அடையாளங்களைத்தான் அதிகம் பயப்படுவோம், நடக்காததை நடந்ததாகச் சொல்லிவிடும். பல்குச்சியை ஓரத்தில் குத்தியதும் அதே வகை.

மறுபடி அடுப்பில் வைத்தால் மேலே வருமா என்று கேட்டாள். வராது. போன வாயு போனதுதான், களி கெட்டியாகும், அவ்வளவே. பச்சை மாவைச் சாப்பிடக் கொடுப்பதும் நல்லதல்ல. நடுப்பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, வெந்த ஓரத்தை உதிர்த்துக் கண்டென்ஸ்டு மில்க் ஊற்றி உருண்டை பிடித்தோம். புளிப்பு தெரியாமல் போனது. பிள்ளைகளுக்குக் கேக்கைவிட அது பிடித்திருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

சிங்க்

காலையில் தண்ணீர் நின்றது. வளாகத்து பிளம்பர் வந்து சிங்க்குக்கு அடியிலிருந்த வளைந்த குழாயை, அதாவது டிராப்பைக் கழற்றினார். உள்ளே குழாயின் வளைவை அப்படியே அச்செடுத்த ஒரு வெள்ளைக் கட்டி. மேலே மெழுகு, நடுவில் நேற்றைய எண்ணெய்ப் பிசுக்கு, அடியில் பிளாஸ்டர்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் என்பது ஜிப்சத்தை 150 டிகிரி வாக்கில் சுட்டு, அதிலுள்ள நீரில் பெரும்பகுதியை விரட்டிய தூள். தண்ணீர் சேர்த்தால் அந்த நீரைத் திரும்ப வாங்கிக்கொண்டு மறுபடி ஜிப்சமாகிறது. சேறு காய்வது போல ஈரம் போய் இறுகுவதல்ல இது. தண்ணீரைப் பிடித்துக்கொண்டே இறுகும், தண்ணீருக்கு அடியில் கிடந்தாலும் இறுகும். நிறையத் தண்ணீர் விட்டால் கரைந்து ஓடிவிடும் என்பதும் நடக்காது. ஒரு லிட்டர் தண்ணீரில் ஜிப்சம் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் கரையும். நூறு கிராம் பிளாஸ்டரைக் கரைத்து அனுப்ப ஐம்பது லிட்டர் வரை வேண்டும், அதுவும் நிதானமாக. மெழுகுக்கும் வென்னீர் உதவாது. சிங்க்கைத் தாண்டும் வரை திரவமாக இருக்கும், ஓர் அடி போனதும் குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

டிராப்போடு நின்றது அதிர்ஷ்டம். அடுக்குமாடியில் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கும் வீடுகளின் சமையலறைக் கழிவுநீர் ஒரே நெட்டுக் குழாயில் இறங்குகிறது. அடைப்பு அங்கே விழுந்தால், மேல் வீடுகளில் கொட்டும் தண்ணீர் அடைப்புக்கு மேலே இருக்கும் முதல் வீட்டு சிங்க் வழியாகப் பொங்கும். அங்கே குடியிருப்பவர்கள் பிளாஸ்டரைக் கண்ணாலும் பார்த்திருக்க மாட்டார்கள்.

செய்திருக்க வேண்டியது எளிது. மிச்சத்தை வாளியிலேயே இறுக விட வேண்டும். பிளாஸ்டிக் வாளியை நெளித்தால் கட்டி தானே கழன்று விழும், குப்பையில் போடலாம். கையை இன்னொரு வாளித் தண்ணீரில் கழுவ வேண்டும். வண்டல் தங்கியதும் தெளிந்த நீரை மட்டும் ஊற்றலாம். மெழுகுப் பாத்திரத்தைச் சூடாக இருக்கும்போதே செய்தித்தாளால் துடைத்தால் முடிந்தது.

ஆனால் சிங்க்கில் கழுவியதைத் தப்பென்று நான் எழுத மாட்டேன். அந்த நிமிடத்தில் அதுதான் சரி. ஏன் என்பதற்குச் சேதக் கணக்கில் இல்லாத ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்.

கணக்கில் வராதவை

தொழிற்சாலை அறிக்கையில் மயிரிழையில் தப்பியவற்றுக்குத் தனிப் பத்தி உண்டு. நடந்ததைவிட அதைத்தான் ஊன்றிப் படிப்போம்.

ஒன்று, பிளாஸ்டர் வாளியில் கை. பிளாஸ்டர் இறுகும்போது வெப்பத்தை வெளிவிடும். சுவரில் மெல்லியதாகப் பூசினால் தெரியாது. வாளி நிறைய ஒரே கட்டியாக இருந்தால் 60 டிகிரி வரை போகும். கை உள்ளே மாட்டிக்கொண்டால் சூடு வெளியேறவும் வழியில்லை, கையை எடுக்கவும் வழியில்லை. 2007-இல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் 16 வயது மாணவி ஒருத்தி கலை வகுப்பில் தன் கைகளை அச்செடுக்க பிளாஸ்டர் வாளிக்குள் விட்டாள். கலவை இறுகிவிட்டது. தீக்காயத்தால் விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். அந்தப் பள்ளி 2009-இல் அபராதமும் வழக்குச் செலவுமாக 19,000 பவுண்ட் கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. தங்கைக்கு இந்தக் கதை தெரியாது. "கை வெந்துடும்னு நினைக்கலக்கா, சட்டையில ஆக்கிடுவான்னுதான் இழுத்தேன்" என்றாள். காரணம் எதுவானாலும் இழுத்தாள், உடனே கழுவினாள். ஒரு டிராப் போனால் போகட்டும். கை அச்சு வேண்டுமென்றால் அதற்கென்றே ஆல்ஜினேட் கலவை விற்கிறது. கையை அதில் வைத்து அச்செடுத்து, கையை வெளியே எடுத்த பிறகு அந்தக் குழிக்குள்தான் பிளாஸ்டரை ஊற்ற வேண்டும்.

இன்னொன்று, அந்தக் கிண்ணம் க்ரீம். கேக்குக்குப் பூச அடித்து வைத்திருந்த க்ரீமில், அகலுக்கு வாங்கிய தங்க நிற கிளிட்டரைச் சின்னவன் தாராளமாகத் தூவிவிட்டான். நான் கொட்டச் சொன்னதும் தங்கை டப்பாவை நீட்டினாள்: "நான்-டாக்ஸிக்னு போட்டிருக்கேக்கா." விஷமில்லை என்பதும் சாப்பிடலாம் என்பதும் ஒன்றல்ல. கைவினைக் கிளிட்டர் பெரும்பாலும் அலுமினியப் பூச்சு ஏற்றிய பிளாஸ்டிக் தூள். உலோகத் தூள் கலந்த பளபளப்புப் பொடிகள் இன்னும் மோசம். 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ஒரு பிறந்தநாள் கேக்கைச் சாப்பிட்ட ஆறு குழந்தைகளுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. கேக்கில் பூசியிருந்த பளபளப்புப் பொடியில் செம்பு ஏராளமாக இருந்தது. அது உண்பதற்கான பொடியே இல்லை. நம் ஊரில் பார்த்து வாங்க வழி சுலபம். உண்ணத்தக்க பொடி என்றால் டப்பாவில் பச்சைப் புள்ளியும், பொருட்களின் பட்டியலும், உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் முத்திரையோடு 14 இலக்க உரிம எண்ணும் இருக்கும். அந்தத் தங்க டப்பாவில் இவை எதுவும் இல்லை.

மெழுகை நேரடித் தீயில் வைத்ததையும் இந்தப் பத்தியில்தான் சேர்க்கிறேன். மெழுகு தண்ணீரைப் போலக் கொதித்து எச்சரிக்காது. சூடு ஏறிக்கொண்டே போய்ப் புகையும், 200 டிகிரி வாக்கில் அதன் ஆவி தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். பதறிப்போய்த் தண்ணீர் ஊற்றினால் தீ மேலே பாயும், மூடி போட்டு அணைப்பதுதான் முறை. வென்னீர்ப் பாத்திரத்துக்குள் மெழுகுப் பாத்திரத்தை வைத்து உருக்கினால் 100 டிகிரியைத் தாண்டவே வழியில்லை.

பிறகு

எரிமலை காலையில் பள்ளிக்குப் போனது. உரிந்த பக்கத்தை "எரிமலைக் குழம்பு வழிந்த இடம்" என்று சொல்லிச் சமாளித்தாளாம். ராத்திரி பத்து மணிக்கு நான் என் வீட்டு ஆப்ப சோடாவைக் கொடுத்தனுப்பினேன், இல்லாவிட்டால் மேடையில் வினிகரை மட்டும் ஊற்றிக்கொண்டு நின்றிருப்பாள். சின்னவன் வகுப்புக்குக் கீழே பேக்கரியில் கப் கேக் வாங்கினார்கள். மேசைக் கறையில் பாதி, பழுப்புத்தாள் போட்டு இஸ்திரிப் பெட்டியால் ஒற்றியதில் வந்துவிட்டது. மிச்சம் மேசை விரிப்புக்குக் கீழே.

என் அறிக்கையில் பரிந்துரை ஒன்றுதான்: ஓ.டி.ஜி.யை அந்த இரண்டடியிலிருந்து நகர்த்தக் கூடாது. அதைப் பின்பற்றினால் கைவேலை தானாகவே வேறு நாளுக்கோ, ஹாலில் தரைக்கோ போய்விடும். தரையில் பழைய ஃபிளெக்ஸ் விரித்துக்கொண்டால் பிளாஸ்டரும் பெயின்ட்டும் எங்கே சிந்தினாலும் கவலையில்லை. தங்கை இதற்குப் பாதி ஒப்புக்கொண்டாள். அவளுக்கு ஹாலில் ஒரு 16 ஆம்பியர் பாயின்ட் வேண்டுமாம். எலக்ட்ரீஷியன் வந்து பழுத்த சாக்கெட்டை மாற்றினார். பெரிய பாயின்ட் வைப்பதென்றால் மின்பெட்டியிலிருந்து தனியாகத் தடித்த கம்பி இழுத்து, தனி எம்.சி.பி. போட வேண்டும், சும்மா சாக்கெட்டை மட்டும் பெரிதாக்கினால் ஆபத்து என்று அவரும் சொன்னார். வாடகை வீடு, ஓனரைக் கேட்டிருக்கிறார்கள். "பார்க்கலாம்" என்றிருக்கிறார்.

கன்வர்ஷன் பிளக்கை நான் கையோடு எடுத்து வந்துவிட்டேன். எதுக்காவது வேணும்ல, கொடுத்துடுக்கா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கொடுப்பதாக இல்லை.